தெரியாத சொல் குறுக்கே வந்தால்...

திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் செங்கம் சாலையில் ரமணாசிரம வாசலுக்கு எதிரே பத்து நிமிடம் நின்று பார்த்திருப்பீர்கள். அங்கே மயில் அகவுவதற்கு நடுவே காதில் விழுவது தமிழ் மட்டும் அல்ல. தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம், இடையிடையே பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழி எல்லாம் விழும். அந்த நிறுத்தத்தில் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் தெலுங்கில் தடுமாறாமல் வாடகை பேசுவார். "எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கேயும் கத்துக்கல சார். ஒரு நாளைக்கு நூறு தடவை காதுல விழுது. நூறாவது தடவையும் புரியாமலா போயிடும்?" என்றார்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றும். உண்மையிலேயே ஒரு சொல் எத்தனை தடவை எதிரே வந்தால் நமக்குச் சொந்தமாகும்? இந்தக் கேள்வி சில நாட்களுக்குப் பின் வேறொரு வாசல் வழியாக என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி. தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குபவள். நூலகத்திலிருந்து கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்ல கிராமம்' நாவலை எடுத்து வந்திருந்தாள். நான்காம் நாள் அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியபோது என் வீட்டுப் படியில் நின்றாள்.

"பதினைஞ்சு பக்கம்கூடத் தாண்டல சார். ஒவ்வொரு சொல்லா போன்ல தேடினேன். பாதி அகராதியிலயே இல்ல. தமிழ்தான், ஆனா எனக்குத் தெரிஞ்ச தமிழ் இல்ல. எனக்குத் தமிழே தெரியலையோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயத்தை நான் அறிவேன். கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, சாமர்செட் மாம் என்ற ஆங்கில எழுத்தாளர் 1938-ல் நம் ஊருக்கு வந்து ரமணரைச் சந்தித்தவர் என்றும், 1944-ல் வெளிவந்த 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் இந்திய குருவுக்கு அந்தச் சந்திப்பே தூண்டுதல் என்றும் யாரோ சொன்னார்கள். நம் ஊர் சம்பந்தப்பட்ட நாவலாயிற்றே என்று ஆவலோடு எடுத்தேன். ஒரு கையில் நாவல், மறு கையில் அகராதி. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்து நோட்டில் எழுதினேன். ஒரு வாரத்தில் பதினோரு பக்கம். நோட்டு நிறைந்துவிட்டது, கதை மட்டும் தலையில் ஏறவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவனுக்கு ஆங்கில நாவல் சரிப்படாது என்று முடிவு கட்டிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த முடிவு தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தவறு என் மொழியறிவில் இல்லை. நான் படித்த முறையில் இருந்தது.

முதலில், அந்தப் பெண்ணை மிரட்டிய சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். கி.ரா. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல் கிராமத்துக்காரர். அது கரிசல் பூமி: மழையில் பசையாய் ஒட்டும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும் கருமண். மண் வேறு என்றால் பயிர் வேறு. பயிர் வேறு என்றால் கருவி வேறு. அவற்றைக் குறிக்கும் சொல்லும் வேறு. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த மக்கள் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதையை 1976-ல் 'கோபல்ல கிராம'மாக எழுதியபோது, அந்த மண்ணின் சொற்களைத் தவிர்த்து எழுத அவரால் எப்படி முடியும்? உயர்நிலைப் பள்ளியை முடிக்காத அவர், 1982-ல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யையும் வெளியிட்டார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அந்த நாவலின் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021-ல் காலமானார்.

நாவலாசிரியரே அகராதியும் தொகுப்பது உலகில் அடிக்கடி நடப்பதல்ல. நம் தமிழிலோ அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும், கண்மணி குணசேகரன் விருத்தாசலத்தைச் சுற்றிய நடுநாட்டுக்கும் சொல்லகராதி தொகுத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதிக்குப் பிறகும் இவ்வளவு சொற்கள் வெளியே நின்றிருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆகவே அந்தப் பெண்ணிடம், "உனக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, கரிசல் தெரியாது, அவ்வளவுதான்" என்றேன். "உன் ஊர்த் தமிழைக் கோவில்பட்டிக்காரர் படித்தால் அவரும் திணறுவார். 'மல்லாட்டை' என்று சொல்லிப் பார், முழிப்பார்." அவள் சிரித்தாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். மணிலாக்கொட்டை என்பது மருவி வந்த சொல். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரம் எங்கள் கொல்லையில் விளைகிறது! கொல்லை என்றால் எங்களுக்குப் புன்செய் நிலம். தஞ்சாவூரில் அதே சொல்லுக்கு வீட்டின் பின்பக்கம் என்று பொருள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே போய், "காலையிலிருந்து கொல்லையில்தான் இருந்தேன்" என்றால், வயிறு சரியில்லையா என்று கேட்பார்கள்.

சரி, இனி விஞ்ஞானத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப் என்பவர் புத்தகங்களில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்பதை ஆராய்ந்தார். அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மிக அதிகமாக வரும் சொல் ஒரு நூலில் 1000 தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் இடத்துச் சொல் ஏறக்குறைய 500 தடவை வரும். மூன்றாவது 333. பத்தாவது 100. நூறாவது வெறும் 10. இப்படியே இறங்கி, வால் மிக நீளமாகப் போகிறது. ஒரு நூலில் உள்ள வெவ்வேறு சொற்களை மட்டும் பட்டியலிட்டால், அவற்றில் கிட்டத்தட்டப் பாதி அந்த நூல் முழுவதிலும் ஒரே ஒரு முறை வருபவையாக இருக்கும்!

இதன் பொருள் என்ன? உங்களைத் தடுத்து நிறுத்தும் சொற்களில் பல, மறுபடி அந்த நாவலில் தலைகாட்டப் போவதே இல்லை. ரயில் சன்னல் வழியே பார்த்த முகம் போன்றவை அவை. அவற்றுக்காக ரயிலை நிறுத்தத் தேவையில்லை. மறுபடி மறுபடி வருகிற சொல்லோ நீங்கள் தேடாமலேயே தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். கம்மாய் என்று முதல் முறை வரும்போது புரியாது. கம்மாய்க்கரை என்று வரும்போது கரை உள்ள ஏதோ ஒன்று என்று தெரியும். கம்மாய் பெருகியது என்றால் தண்ணீர். மாடுகள் அதில் இறங்கினால் ஆழம் குறைவு. நான்காம் முறை, "அட, நம்ம ஏரி!" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அகராதியில் பார்த்திருந்தால் 'ஏரி' என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்திருக்கும். இப்போது கரையும் மாடும் சேர்ந்து கிடைத்திருக்கின்றன.

'இது சும்மா சொல்வது, சோதனை உண்டா?' என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும். உண்டு.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜெஸ் 1962-ல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' என்ற நாவலை வெளியிட்டார். அதில் இளைஞர்கள் பேசும் கொச்சை மொழி அவரே புனைந்தது. பெரும்பாலும் ரஷ்யச் சொற்களைத் திரித்துச் செய்தது. நண்பனுக்குத் 'துரூக்', பாலுக்கு 'மொலோகோ' என்று இப்படி 241 சொற்கள். சொற்பட்டியல் இணைப்பதை பர்ஜெஸ் விரும்பவில்லை; வாசகர் தானே கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் எண்ணம். (வன்முறை மிகுந்த நாவல் அது. நீங்கள் இப்போதே தேடிப் போக வேண்டாம்.) ஆராய்ச்சியாளர்களுக்கு இது எதிர்பாராத பரிசு. எந்த ஆங்கிலேயருக்கும் முன்பின் தெரியாத சொற்கள் நிறைந்த ஓர் ஆங்கில நாவல் கிடைத்துவிட்டதே!

1978-ல் சரகி, நேஷன், மைஸ்டர் என்ற மூவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலருக்கு இந்த நாவலைச் சொற்பட்டியல் இல்லாமல் கொடுத்தார்கள். சொற்களில் தேர்வு வைக்கப்போவதாகச் சொல்லவில்லை. படித்து முடித்ததும் 90 சொற்களில் திடீரென்று தேர்வு வைத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 76 பங்கு சரி! கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால் குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பெரிய எண்தான். அந்தச் சொற்கள் நாவலில் சராசரியாகப் பதினைந்து முறை வருபவை. நம் ஆட்டோ நண்பரின் நூறுக்கு இது மிகவும் குறைவு, பாருங்கள்.

ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவுக்கு வருவது நல்ல விஞ்ஞானம் ஆகாது. 1998-ல் ஹோர்ஸ்ட், காப், மீரா ஆகியோர் ஓமன் நாட்டில் ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிக்கும் 34 மாணவர்களிடம் தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்றை எளிமைப்படுத்திக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாய்க் கிடைத்தது சராசரியாக ஏறக்குறைய ஐந்து சொல்தான். ஏன் இந்த வித்தியாசம்? முதல் சோதனையில் இருந்தவர்களுக்குச் சுற்றியிருந்த மற்ற சொற்கள் எல்லாம் தெரியும். நான்கு பக்கமும் வெளிச்சம் இருந்தால் நடுவில் உள்ள இருட்டைத் துழாவிவிடலாம். சுற்றிலும் இருட்டு என்றால் எதைக் கொண்டு துழாவுவது?

வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். மேலே சொன்ன அதே நேஷன், ஹு என்பவருடன் சேர்ந்து 2000-ல் ஒரு கதையில் சில சொற்களை நீக்கி அங்கே பொருளற்ற சொற்களைப் புகுத்திப் படிக்கக் கொடுத்தார். ஐந்தில் ஒரு சொல் தெரியாதபோது ஒருவருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. பிறர் துணையின்றி நிம்மதியாகப் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இதை நீங்களே செய்து பாருங்கள். நாவலில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு சொற்களை எண்ணுங்கள். 240 இருக்கிறது என்போம். தெரியாத சொல்லின் மேல் பென்சிலால் சிறு புள்ளி வையுங்கள் (நூலகப் புத்தகமானால் தனித்தாளில்!). ஐந்து புள்ளிக்குள் இருந்தால் தாராளமாக ஓடலாம். பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு 5; மூச்சு வாங்கும், ஆனால் ஏறலாம். ஐம்பதைத் தொட்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதல் பக்கங்களில் பதினைந்து பதினாறு புள்ளி விழுந்தது. "இது மேடுதான். ஆனால் மேடு முழுக்க முன்னாலேயே இருக்கிறது" என்றேன். ஓர் ஆசிரியர் தம் சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் அல்லவா? எனவே பக்கம் ஏற ஏறப் புதுச்சொல் வரத்துக் குறைந்துகொண்டே போகும். நான் பதினோராம் பக்கத்திலும் அவள் பதினைந்தாம் பக்கத்திலும் நின்றது மேட்டின் செங்குத்தான இடத்தில்தான்.

கண்டுபிடித்த சொல் மறந்துபோகாதா? போகும். எவ்வளவு வேகத்தில் என்று 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அளந்து வெளியிட்டிருக்கிறார். சோதனை எலி அவரேதான். பொருளற்ற அசைகளின் வரிசைகளை மனப்பாடம் செய்வார்; சிறிது காலம் விட்டு மறுபடி மனப்பாடம் செய்வார்; இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்ப்பார். ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் நூற்றுக்கு 44. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. கதிரியக்கச் சிதைவைப் படித்தவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே அரை ஆயுள் மாறாது. இங்கே முதல் ஒரு மணியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அடுத்த இருபத்து மூன்று மணியில் பத்துப் பங்குதான் போகிறது. மறதி ஓட்டமாகத் தொடங்கிப் பின் நொண்டுகிறது! அவரே கண்ட இன்னொன்று: ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களில் பிரித்து 38 முறையில் பெற முடிந்தது. நாவலை ஒரே இரவில் விழுங்காமல் தினம் இருபது பக்கம் படிப்பவருக்கு இந்தப் பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கதையே செய்துவிடுகிறது. நேற்றுப் பார்த்த சொல் இன்றும் வரும், நான்கு நாள் கழித்தும் வரும்.

ஆகவே அவளுக்கு நான் சொன்ன வழி இதுதான். நிற்காதே, புள்ளி வைத்துவிட்டுப் போ. அதே சொல் மூன்றாம் முறை வந்தால் அந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதி, பக்கத்தில் உன் ஊகத்தைப் பென்சிலால் எழுது. அத்தியாயம் முடிந்தபின் கரிசல் அகராதியைப் பார். முன்னால் பார்க்காதே. தானே ஊகித்து, அது சரியோ தவறோ என்று பிறகு தெரிந்துகொண்ட சொல் எளிதில் மறப்பதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: அந்தச் சொல் தெரியாமல் கதையே நகரவில்லை என்றால் அப்போதே பார்த்துவிடு.

பத்து நாள் கழித்து நோட்டோடு வந்தாள். பெரும்பாலான ஊகங்கள் சரி. சுவையான தவறு ஒன்று இருந்தது. அது புள்ளியே வைக்காத சொல்! சம்சாரி. எங்கள் பக்கம் சம்சாரி என்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறவர். கரிசலில் அது விவசாயி. சம்சாரி மழைக்குக் காத்திருக்கிறார் என்றால், குடும்பஸ்தர் எதற்கு மழைக்குக் காத்திருக்க வேண்டும் என்று யோசிக்காமலே அவள் தாண்டிப் போயிருக்கிறாள்.

தெரியாத சொல்லைவிட, தெரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் ஆபத்தானது. முன்னது நம்மை நிறுத்தும், பின்னது நிறுத்தாது. வகுப்பறையில் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். 'கோண உந்தம்' என்றால் மாணவர்கள் எச்சரிக்கையாகி விடுகிறார்கள். தடுக்கி விழுவது 'வேலை', 'எடை', 'திறன்' போன்ற வீட்டுச் சொற்களில்தான். தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் தகப்பனார், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த நிகர வேலை சுழி என்று சொன்னால் வகுப்பே எதிர்ப்புத் தெரிவிக்கும்! (அவர் தசைகள் ஆற்றலைச் செலவழித்தது உண்மை, அது வேறு கணக்கு.)

பேச்சு அங்கிருந்து கி.ரா.வின் 'கிடை' என்ற குறுநாவலுக்குப் போனது. "உன் இயற்பியல் புத்தகத்தில் கிடைத்தளம் என்று வருகிறதே, கிடை என்றால் என்ன?" என்று கேட்டேன்.

"ஹாரிசாண்டல், சார்."

"அது ஆங்கிலம். தமிழில்?"

யோசித்தாள். கிடை என்பது ஆடுகள் இரவில் வயலில் மடங்கிப் படுத்துக் கிடக்கும் இடம்; அந்த மந்தைக்கும் அதே பெயர். ஆட்டு எரு நிலத்துக்கு உரமாகும் என்பதற்காக விவசாயிகள் கிடை போடச் சொல்வார்கள். கிட என்ற வினையிலிருந்து பிறந்த சொல். நிற்காமல் கிடப்பது கிடை. நான்கைந்து ஆண்டுகளாக விடைத்தாளில் எழுதிவந்த சொல்லுக்குள் ஓர் ஆட்டு மந்தை படுத்திருந்தது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது தெரிந்து அதிக காலம் ஆகவில்லை.

நோட்டில் மிச்சமிருந்த ஒரு சொல் கமலை. "மாடு கட்டி ஏதோ செய்யறது, கிணத்துகிட்ட நடக்குது. அதுக்கு மேல தெரியல" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். அகராதியை எடுக்கப் போனவளை நிறுத்தி, "உன் ஆயாவைக் கேள்" என்றேன்.

மறுநாள் மாலை இருவருமே வந்தார்கள். ஆயாதான் முதலில் பேசினார். "கமலையாம்! அது நம்ம கவலைதான் சார். எங்கப்பா ஓட்டிப் பார்த்திருக்கேன். கரண்டு மோட்டாரு வரதுக்கு முன்னாடி கவலைதானே?"

"சின்ன வயசுலேர்ந்து ஆயா 'எங்கப்பா கவலை ஓட்டினாரு, கவலை ஓட்டினாரு'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க சார்" என்றாள் பேத்தி. "பாவம், ரொம்ப கஷ்டப்பட்டிருக்காருன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

ஆயா வாசலில் குந்தி, குச்சியால் மண்ணில் கிணறு கீறினார். கிணற்றுக்கு மேல் உருளை, அதில் வடக்கயிறு, கயிற்றின் ஒரு முனையில் சால், மறு முனையில் இரண்டு மாடு. கிணற்றிலிருந்து விலகி மாடு நடக்கும் பாதையைச் சமமாகக் கீறாமல் சரிவாகக் கீறினார்.

"ஏன் ஆயா சரிவு?" என்றாள்.

"நெறஞ்ச சால இழுக்கறப்போ மாடு எறக்கத்துல போவும். காலி சால் எறங்கறப்போ மேட்டுல பின்னாடியே வரும். மாட்டுக்கு வலிக்கக் கூடாதில்ல?"

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஆயாவின் கையிலிருந்த குச்சியை வாங்கி, சரிவில் நின்ற மாட்டின் நடுவிலிருந்து நேர் கீழாக ஓர் அம்பும், சரிவின் வழியாக ஓர் அம்பும் போட்டாள்.